நீரிழிவு நோயாளிக்குத் துணை நிற்போர்

குளிர்காய்ச்சல் கண்டவன் நடுங்குகிறான். தேள் கொட்டியவன் துடிக்கிறான். உடனே அவனை வண்டியிலேற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்கிறோம். டாக்டர் மருந்து கொடுக்கிறார், நோய் நீங்குகிறது, டாக்டருக்கும் நோயாளிக்கும் உள்ள தொடர்பும் அத்துடன் முடிந்துவிடுகிறது. வைத்தியம் என்றால் இதுதான் என்று நம் கிராம மக்கள் தலைமுறை தலைமுறையாக எண்ணிப் பழகியிருக்கின்றனர். நீரிழிவு இந்தக் கணக்கில் அடங்காத வியாதியாகும். வரும்பொழுது அது வலிப்பதில்லை. வந்தபின் பெரும்பாலோரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்குவதுமில்லை.

நீரிழிவு கண்ட விவசாயி ஒருவர் மாதந் தவறாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் டாக்டர் அவருக்குப் பத்து நிமிஷம் ஒதுக்குகிறார் என்றும் கொள்வோம். கூட்டம் மிகுந்த நாட்களில் பத்து நிமிஷம் என்பதே அதிகம். அப்படியிருந்தும் ஆண்டு முழுவதற்கும் அவர் டாக்டரின் எதிரில் இருக்கும் நேரம் இரண்டு மணிதான். ஓராண்டுக்கு 8,760 மணி நேரம் உண்டு. எஞ்சிய 8,758 மணி நேரமும் அவர் வயலிலும் வீட்டிலும் சந்தையிலும் திருவிழாவிலும் தம் நோயைத் தாமே நடத்திச் செல்லவேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அவருக்குத் துணை நிற்பவர் யார், அவர்கள் என்ன செய்கிறார்கள், அவர்களிடம் நாம் எதைக் கேட்டுப் பெறலாம் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் மிகவும் அவசியம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூறுவோம். நாம் உண்ணும் அரிசியும் கேழ்வரகும் கிழங்கும் வயிற்றில் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை உடலின் தசைகளுக்குள் நுழைந்து எரிபொருளாவதற்குக் கணையம் என்னும் உறுப்பில் சுரக்கும் இன்சுலின் வேண்டும். இன்சுலின் போதாமற் போனாலும், இருக்கும் இன்சுலினுக்கு உடல் செவி சாய்க்காமற் போனாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. வாய்க்காலில் நீர் நிறைந்திருந்தும் மடை திறவாமையால் பயிர் வாடுவதைப் போன்றது இது. வெறும் வயிற்றில் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருப்பது நீரிழிவின் அடையாளம். அறிகுறி ஏதுமில்லாதவருக்கு மறுபடியும் ஒரு முறை சோதித்தே டாக்டர் இதனை உறுதி செய்வார்.

இது பட்டணத்து வியாதி, உட்கார்ந்து உண்பவரின் வியாதி என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்த எண்ணத்தைக் கைவிடவேண்டிய காலம் வந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பெற்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தன. இந்தியாவில் நீரிழிவுள்ளோர் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. நகரங்களில் வயது வந்தவர் நூற்றுக்கு 16 பேருக்குச் சற்று மேலாகவும், கிராமங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேராகவும் இருந்தனர். தமிழ்நாட்டில் நகரமும் கிராமமும் சேர்த்து நூற்றுக்கு 14 பேருக்கு மேல். வயது வந்தோர் ஆயிரம் பேர் வாழும் கிராமத்தில் நூறு பேரளவில் நீரிழிவுள்ளோர் இருக்கக்கூடும் என்று பொருள். அவர்களில் பலருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது.

நூறாண்டுகளுக்கு முன் இந்நோய்க்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு வரும் வகைக்கு, மரணமே முடிவாயிருந்தது. 1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங் என்பவரும் பெஸ்ட் என்பவரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர்; 1922-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு அது செலுத்தப்பெற்றது. நம் மாநிலத்தில் டாக்டர் மா. விசுவநாதன் அவர்கள் 1948-ஆம் ஆண்டில் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். அக்காலத்தில் நீரிழிவுக்குத் தக்க சிகிச்சை வேண்டுமெனில் கிராமவாசி சென்னைக்கு ரயிலேறுவதைத் தவிர வேறு வழி அரிதாயிருந்தது. சிகிச்சை நோயாளியின் வாசற்படிவரை வந்து சேர எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த சாமனப்பள்ளி கிராமத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தெரிந்தெடுத்துப் பயிற்சி அளிக்கப்பெற்ற பெண்கள், சுகாதாரத் தன்னார்வலர் என்ற பெயரில், வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பது இதன் அடிப்படை. 45 வயதுக்கு மேற்பட்டவர்க்கும் நடமாட இயலாதவர்க்கும் அவர்கள் மாதந்தோறும் மாத்திரையை வீட்டிலேயே கொண்டு தருகின்றனர். படுக்கையில் கிடப்போரின் வலியைத் தணிக்கும் செவிலியர், கை கால் வழங்காதவர்க்குப் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர் ஆகியோரும் இத்திட்டத்தில் இடம் பெற்றனர்.

இந்தத் தன்னார்வலரின் பணி எத்தகையது என்பதைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். அவர் டாக்டர் அல்லர். மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. நோய் இன்னதென்று தீர்ப்புக் கூறுவதும் அவர் வேலையன்று. ஆனால், டாக்டருக்கு இல்லாத ஒரு வசதி அவருக்கு உண்டு. அவர் அந்தத் தெருவைச் சேர்ந்தவர். யார் வீட்டில் மாத்திரைப் பட்டை பிரிக்கப்படாமலே பரணில் கிடக்கிறது, யார் மகள் வீட்டு விசேஷத்துக்குப் போய்ப் பதினைந்து நாள் மருந்தின்றி இருந்தார், எந்தப் பாட்டி வேலூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையையும் இங்கே கொடுத்த மாத்திரையையும் ஒருங்கே விழுங்குகிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் இவை எழுதப்பெறுவதில்லை.

ஒரு நாள் காலையில் தன்னார்வலர் ஒருவர் வயது முதிர்ந்த விவசாயியின் திண்ணையில் அமர்ந்து பேசுவதைக் கேளுங்கள்.

“தாத்தா, போன மாதம் கொடுத்த மாத்திரை பாதி அப்படியே இருக்கிறதே?”

“சர்க்கரை சரியாகிவிட்டது என்று நீதானே அம்மா சொன்னாய்? சரியானபின் மாத்திரை எதற்கு?”

“மாத்திரை போட்டதனால்தானே சரியாயிற்று, தாத்தா? மோட்டாரை நிறுத்திவிட்டால் தொட்டி தானே நிரம்புமா?”

நீரிழிவுச் சிகிச்சை தோல்வியுறும் இடங்களில் தலையாயது இதுதான் என்பது எமது கருத்து. மருந்து கிடையாமை ஒரு பங்கு என்றால், குணமாகிவிட்டது என்றெண்ணி நிறுத்திவிடுவது மூன்று பங்கு எனலாம். இதற்கு மருந்துக் கடையில் மருந்து இல்லை. திண்ணையில் அமர்ந்து பேசுவதே மருந்து.

தன்னார்வலருக்கு அடுத்தபடியாக இருப்பவர்கள் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியரும், பல நிலையங்களில் பணியாற்றும் இடைநிலைச் சுகாதாரப் பணியாளரும் ஆவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரையன்றித் தொற்றா நோய்களுக்கெனத் தனிச் செவிலியரும் உண்டு. முப்பது வயதைக் கடந்த எவரும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இவர்களிடம் சென்று சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளலாம். எந்நேரத்தில் பார்த்தாலும் 140-ஐத் தாண்டும் அளவு காணப்பட்டால் டாக்டரிடம் அனுப்பி மேற்கொண்டு சோதிக்கச் செய்வார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனையும் உண்டு. அது பலருக்கு 7 சதவீதத்துக்குக் கீழ் இருக்கவேண்டும் என்பது பொது விதி. முதியவர்க்கு டாக்டர் இதைச் சற்றுத் தளர்த்துவார்.

கர்ப்பிணிகளைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனையை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாக்கியதில் டாக்டர் வீ. சேஷய்யா அவர்களின் பணி பெரிது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைப் பார்க்கிறார்கள். 140-உம் அதற்கு மேலும் இருப்பின் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளப்படும். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆதலால் தொலைவிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்ணுக்கும் இது எளிது. அந்த இரண்டு மணி நேரம் காத்திருக்க மனமின்றி வீட்டுக்குத் திரும்பிவிடும் மாமியார் மருமகளும் உண்டு. அவர்களைத் தடுத்து உட்கார வைப்பதும் செவிலியரின் பணிகளுள் ஒன்றாகிவிடுகிறது.

இனி விவசாயிகள் மிகவும் கவனிக்கவேண்டிய விஷயத்துக்கு வருவோம். அதுதான் பாதம்.

நீரிழிவு பல்லாண்டு கட்டுக்கடங்காமல் இருந்தால் கால்களின் நரம்புகள் கெடுகின்றன. முதலில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றும். பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கும். பிறகு உணர்ச்சியே குன்றிவிடும். செருப்பு கழன்று விழுந்ததும் தெரியாது, முள் தைத்ததும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் சிறு புண் ஆறாமல் ஆழமாகிறது. சீழ் எலும்புவரை சென்றுவிட்டால் விரலையோ பாதத்தையோ எடுத்துவிட நேர்கிறது. அலுவலகத்தில் எழுதுகிறவர் ஒரு பாதத்தை இழந்தும் தம் தொழிலைத் தொடரக்கூடும். ஏர் பிடிப்பவரும் நாற்று நடுபவரும் பாதத்தை இழந்தால் பிழைப்பையே இழக்கின்றனர்; நிலத்தைக் குத்தகைக்கு விடுகின்றனர், அல்லது விற்கின்றனர். ஒரு குடும்பத்தின் கதியே மாறிவிடுகிறது.

உணர்ச்சியற்ற பாதத்தைக் காப்பது எவ்வாறு என்பதை உலகுக்குக் கற்றுக் கொடுத்ததில் நம் மண்ணுக்குப் பங்குண்டு. 1914-ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயரான டாக்டர் பால் பிராண்டு 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயினால் தாமே அழுகி விழுகின்றன என்றே அக்காலத்தில் வைத்தியர்களும் எண்ணியிருந்தனர். அது அப்படியன்று, வலி தெரியாமையால் காயத்தைக் கவனியாது அதன்மேலேயே நடப்பதனால்தான் பாதம் சிதைகிறது என்று அவர் கண்டறிந்தார். வேலூரிலும் அதையடுத்த கரிகிரியிலும் அவரும் உடன் பணியாற்றியோரும் நுண்ணறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரைக் கொண்டு செருப்புச் செய்து நோயாளிகளுக்குக் கொடுத்தனர். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று வழங்குவது அதுவே. 1966-இல் அவர் அமெரிக்காவுக்குச் சென்றபின், இதே பாடம் நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருந்தும் என்பதை அங்குள்ள வைத்தியர்கள் உணர்ந்தனர். வலி என்பது பகையன்று, காவலாள் என்பது அவர் வலியுறுத்திவந்த கருத்து.

பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. தூண்டில் நரம்பைப் போன்ற நைலான் இழை ஒன்று போதும். அதை உள்ளங்காலில் சில இடங்களில் மெல்ல அழுத்தும்போது, கண்ணை மூடியிருக்கும் நோயாளி ‘தெரிகிறது’ என்று சொல்லவேண்டும். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி அந்த இழை செய்யப்பட்டிருக்கும். அது தெரியவில்லையெனில் அந்தப் பாதம் அபாயத்தில் இருக்கிறது என்று பொருள். நீரிழிவுள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இந்தச் சோதனை நடைபெற வேண்டும். டாக்டரோ செவிலியரோ கூட்ட நெருக்கடியில் மறந்தால், ‘என் காலையும் பாருங்கள்’ என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. சர்க்கரை நோய்க்கு வந்தவர் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

‘எப்பொழுதும் செருப்பணிந்து நடவுங்கள்’ என்று துண்டுப் பிரசுரங்களில் அச்சிட்டு விடுகிறார்கள். சேற்று வயலில் செருப்போடு நாற்று நட முடியுமா என்பதை எழுதியவர் யோசித்திருக்க மாட்டார். ஆகவே நடைமுறைக்கு ஒத்ததைக் கூறுவோம். உணர்ச்சி குன்றாத பாதமுடையவர் சேற்றில் இறங்கலாம். ஆனால் கரையேறியவுடன் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்குகளை உலரத் துடைத்து, உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உணர்ச்சி இழந்தவர் சேற்று வேலையைக் குடும்பத்தில் வேறொருவரிடம் விட்டுவிட்டு, வரப்பு மேற்பார்வை, களத்து வேலை, மாட்டுப் பராமரிப்பு ஆகியவற்றைச் செருப்பணிந்து மேற்கொள்வதே தக்கது. இவ்வாறு சொல்வது எளிது, கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு அது வருமானக் குறைவு என்பதையும் அறிவோம். ஆயினும் ஒரு பருவத்துக் கூலி பெரிதா, கால் பெரிதா என்ற கேள்வி அங்கே எழத்தான் செய்கிறது.

நாள்தோறும் இரவில் படுக்குமுன் பாதத்தைப் பார்க்கும் வழக்கம் வேண்டும். குனிய முடியாதவர் தரையில் முகக்கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம்; கண் தெளியாதவர்க்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். கொப்புளமோ வெடிப்போ சிவப்போ கண்டால் அன்றே செவிலியரிடம் காட்டவேண்டும். சுண்ணாம்பு, புகையிலை, காப்பித்தூள், பேட்டரிக் கரி இவற்றை அப்பிவிட்டு ஒரு வாரம் கழித்துச் செல்வதால்தான் பல பாதங்கள் பறிபோகின்றன. கால் ஆணியை பிளேடால் சீவுவதும், வெந்நீரில் காலை ஊறவைப்பதும் ஆகா. வெந்நீரின் சூடு கைக்குத் தெரியும். மரத்த காலுக்குத் தெரியாது.

பழனிக்குப் பாதயாத்திரை செல்வதும், மாரியம்மன் கோவிலில் தீ மிதிப்பதும் நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம். பக்தியில் தலையிடுவது எம் நோக்கமன்று. காலில் உணர்ச்சி இல்லாத ஒருவர் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நெடுந்தொலைவு நடந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் ஊர்ப் பெரியவர்கள் அவருக்கு எடுத்துரைக்கலாம். செருப்பணிந்து நடக்கவும், காப்புக் கட்டியும் தீயில் இறங்காதிருக்கவும் வழிபாட்டில் இடமுண்டு என்று பூசாரி ஒருவர் சொன்னால் டாக்டர் பத்துத் தடவை சொன்னதற்குச் சமம்.

சர்க்கரை கூடுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். குறைவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்பவரும், இன்சுலின் போட்டுக்கொள்பவரும், காலையில் மருந்தை எடுத்துக்கொண்டு சாப்பிடாமலே வயலுக்குப் போய்விட்டால் பதினொரு மணி வெயிலில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். திடீர் வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, அடங்காப் பசி, பிறகு உளறல், மயக்கம். மது அருந்தியிருக்கிறான் என்று பிறர் ஒதுங்கிப் போவதும் உண்டு. நினைவிருக்கும்பொழுதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டு, கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒரு முறை கொடுக்கவேண்டும்; தெளிந்ததும் ஆகாரம் கொடுக்கவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. 108 வண்டியை அழைப்பதே வழி. இத்தகைய மருந்து உண்பவர் மடியில் வெற்றிலைப் பையோடு ஒரு பொட்டலம் சர்க்கரையையும் முடிந்துகொள்ளட்டும். நீரிழிவுக்காரன் மடியில் சர்க்கரையா என்று யாரேனும் நகைத்தால் நகைக்கட்டும். அமாவாசை, கார்த்திகை விரதமிருப்போரும் ரமலான் நோன்பு நோற்போரும் தொடங்குவதற்கு முன்பே செவிலியரையோ டாக்டரையோ கலந்து மருந்து வேளையை மாற்றி அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

இன்சுலின் என்றதும் ‘கடைசிக் கட்டம்’ என்ற பீதி கிராமங்களில் பரவியிருக்கிறது. இது தவறான அபிப்பிராயம். இளம்பிள்ளைகளுக்கு வரும் நீரிழிவுக்கு முதல் நாள் முதலே இன்சுலின்தான் உயிர்; பெரியவர்களிலும் பலருக்கு ஒரு கட்டத்தில் அது தேவைப்படுகிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அதை எப்படி வைப்பது? செவிலியர்கள் கற்றுத்தரும் முறை எளியது. பெரிய மண்பானையில் ஈர மணலிட்டு, அதனுள் சிறு மண் கலயத்தைப் பதித்து, மருந்துக் குப்பியை அக்கலயத்தில் வைத்து ஈரத் துணியால் மூடி நிழலில் வைக்கவேண்டும். நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி உண்டாகிறது. மணலின் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய குப்பியை ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது. உபயோகித்த ஊசியைக் குப்பையில் எறிந்தால் துப்புரவுப் பணியாளரின் கையில் குத்தும். மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்துச் சுகாதார நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். இன்சுலின் போடும் பிள்ளை படிக்கும் பள்ளியில் ஆசிரியருக்கு இது தெரிந்திருக்கவேண்டும். விளையாட்டு வேளையில் அப்பிள்ளை சோர்ந்து விழுந்தால் என்ன செய்வது என்று செவிலியர் சென்று சொல்லிவைப்பது நலம்.

ஆகாரத்தைப் பற்றி அதிகம் எழுதப் புகவில்லை. எங்கும் அதுவே பேச்சாயிருக்கிறது. ஒரு தவற்றை மட்டும் திருத்துவோம். அரிசிச் சோற்றை நிறுத்திக் கேழ்வரகுக் களியை வயிறு நிரம்ப உண்டால் சர்க்கரை ஏறாது என்று பலர் நம்புகின்றனர். களியும் மாவுச்சத்துதான், அளவு கடந்தால் அதுவும் ஏற்றும். அளவைக் குறைத்துக் காய், கீரை, பருப்பைக் கூட்டுவதே பயன் தரும். ஆவாரம்பூவும் வெந்தயமும் உண்பதில் கேடில்லை. அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவதில்தான் கேடு இருக்கிறது. கசப்பை உண்டால் உடலிலுள்ள இனிப்புப் போய்விடும் என்ற கணக்கு கேட்பதற்கு நயமாயிருக்கிறது. உடம்பு அந்தக் கணக்கை ஏற்பதில்லை.

கண்ணையும் சிறுநீரையும் ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்கவேண்டும். நீரிழிவுள்ளவர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏனையோரைவிட இரண்டு மூன்று மடங்கு என்பதால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்குச் செல்லவேண்டும்.

பஞ்சாயத்து இதில் செய்யக்கூடியது என்ன? சிகிச்சை அளிப்பது பஞ்சாயத்தின் வேலையன்று. சிகிச்சை அளிப்போர்க்கு வழி செய்து கொடுப்பது அதன் வேலை. கிராம சுகாதார, தூய்மை, ஊட்டச்சத்துக் குழு என்ற ஒன்று கிராமத்தில் இருப்பதையே உறுப்பினர் சிலர் மறந்துவிடுகின்றனர். ஊர்ச் சுகாதாரத் தேவைக்கென அக்குழுவுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை நிதி வழங்கும் ஏற்பாடு தேசிய நலவாழ்வுத் திட்டத்தில் உண்டு. சோதனை நாளில் முதியவர்கள் உட்கார நிழலும் நாற்காலியும் குடிநீரும், காலைச் சோதிக்க வெளிச்சமுள்ள மறைவிடமும் அமைத்துக் கொடுக்கலாம். மாத்திரை இருப்புக் குறைந்து நோயாளிகள் வெறுங்கையோடு திரும்பும் நிலை ஏற்பட்டால், எந்த மருந்து, எத்தனை நாளாக, எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை என்று எழுதிக் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி மேலே அனுப்பலாம். ‘மருந்து இல்லை’ என்று பொதுவாகக் குறைகூறும் மனுவைவிட, மருந்தின் பெயரையும் தேதியையும் குறிப்பிட்ட தீர்மானம் விரைவில் பயன் தரும்.

ஒன்றை மட்டும் பஞ்சாயத்து செய்யவே கூடாது. நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை ஒலிபெருக்கியில் வாசிப்பதும், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் பெருந் தவறு. மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் தாய்க்குச் சர்க்கரை என்று தெரிந்தால் சம்பந்தம் தடைப்படுமோ என்று அஞ்சி, நோயையே மறைத்து மருந்தின்றி இருக்கும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். தன்னார்வலர் தாம் அறிந்ததைக் குழாயடியில் பேசாதவர் என்ற நம்பிக்கை பிறந்தால்தான் அந்தக் கதவுகள் அவருக்குத் திறக்கும்.

தன்னார்வலர் வரும் நேரத்தையும் ஊர் சேர்ந்து முடிவு செய்துகொள்வது நல்லது. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் காலை பத்து மணிக்கு அவர் வந்தால் தெரு முழுவதும் பூட்டிக் கிடக்கும். வந்தேன், ஆளில்லை என்று ஏட்டில் குறித்துக்கொண்டு அவர் திரும்பவேண்டியதுதான். விடியற்காலையில் வேலைக்குப் புறப்படுமுன் வந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பார்த்துவிடலாம். மாலையில் விளக்கு வைத்தபின் வந்தால் கழுவிய காலையும் பார்த்துவிடலாம். எந்தத் தெருவுக்கு எந்த நேரம் என்பதை மாதத் தொடக்கத்திலேயே அவரோடு பேசி, வார்டு உறுப்பினர் அந்தந்தத் தெருவில் சொல்லிவைக்கட்டும்.